மேல் டிவிஷன் வளைவில் மூன்று மதகுகள்

அன்று மேல் டிவிஷன் வளைவுக்கு வந்திருந்தவர்கள்: இஞ்சினியர் ஐயா, அவருடைய ஜீப் சாரதி, நான், என் அப்பா, அப்பாவோடு கான், அதாவது வடிகால், வெட்டிய பன்னிரண்டு ஆண்கள், ஒரு தகர வாளி. வராதவர்கள்: தோட்டத்துத் துரை, அவர் அனுப்பி வைப்பதாகச் சொன்ன தேநீர். பெண்கள் மேலே மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை யாரும் அழைக்கவில்லை.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. ஹாலிஎலப் பக்கம் பிரதான வீதியிலிருந்து பிரிந்து எங்கள் தோட்டத்துக்கு ஏறும் வீதிக்குத் தார்க் கார்பட் போடுகிறார்கள். பொறுப்பாக இருக்கும் தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒரு இளம்பெண். நான் ஓய்வுபெற்ற பிறகு வந்தவர். போன கிழமை அவர் தொலைபேசியில் கூப்பிட்டு, பழைய வரைபடத்தில் மேல் டிவிஷன் வளைவில் வீதிக்கு அடியால் தண்ணீர் கடக்க ஒரு மதகுதான் இருக்கிறது, போய்ப் பார்த்தால் கல்லெறி தூரத்துக்குள் மூன்று இருக்கிறது, இது பிழையா, இல்லை வேண்டுமென்றே செய்ததா என்று கேட்டார். பிழை என்றால் இரண்டை மூடிவிடுவார்களாம்.

இரண்டும்தான் என்றேன். அப்படியென்றால் எழுதித் தாருங்கள் ஐயா, கோப்பில் வைக்க வேண்டும் என்றார். முப்பது வருடத்துக்கு மேல் வீதித் திணைக்களத்துக்கு எழுதியிருக்கிறேன். எல்லாம் இரண்டு பக்கத்துக்குள் முடிந்தவை. இது கொஞ்சம் நீளும்.

வீதியின் வரலாறு பெரிதாக ஒன்றுமில்லை. கோப்பிக் காலத்தில் மாட்டுவண்டித் தடம். தேயிலை வந்த பிறகு ஒரு வெள்ளைக்காரத் துரை மோட்டார் கார் வாங்கினார். கார் எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலத்துக்கு மலையை வெட்டச் சொன்னார். எதிரே இன்னொரு கார் வரும் என்று அவர் நினைக்கவில்லை. அவர் இருந்தவரைக்கும் வரவும் இல்லை. பிறகு தேயிலைப் பெட்டி ஏற்ற லொறி வந்தது. லொறி காரை விட அகலம் என்பது லொறி வந்த பிறகுதான் தெரிந்தது. ஒரு வளைவில் பெட்டிகள் உருண்டு ஓடைக்குப் போயின. இன்றைக்கும் பஸ் நடத்துநர்கள் அந்த இடத்தைப் பெட்டி உருண்ட வளைவு என்றுதான் கூவுகிறார்கள். அதில் இறங்குகிறவர்களில் பெட்டியைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது வீதியையும் எடுத்ததா என்று இரண்டு அலுவலகங்களுக்கிடையே கடிதப் போக்குவரத்து நடந்தது. கடிதங்கள் போய்வந்த காலத்தில் குழிகள் வளர்ந்தன. கடைசியில் திணைக்களம் அதை ஆங்கில 'பி' வகுப்பு வீதியாக ஏற்றுக்கொண்டது. பிரதான வீதியும் இல்லை, தோட்டத்து வீதியும் இல்லை, இரண்டுக்கும் நடுவில். வீதிக்கு ஒரு எழுத்தும் ஒரு இலக்கமும் கிடைத்தன. அவை எழுதிய பலகையை முதலில் நட்டார்கள். வேலை பிறகு தொடங்கியது. அந்த வேலைக்கு மேற்பார்வையாளனாக அனுப்பப்பட்டவன் நான். எனக்கு அதுதான் முதல் வேலை, அதுவும் பிறந்த தோட்டத்தில்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய் முடித்தவன் நான் ஒருவன்தான். தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புவரை இருந்தது. அதற்கு மேல் படிக்கப் பதுளைக்குப் போக வேண்டும். பஸ் கிடையாது. அப்பா என்னைப் பதுளையில் ஹனீபா நானாவின் இரும்புக் கடையில் விட்டார். பகலில் பள்ளிக்கூடம். மாலையில் கடையில் ஆணி நிறுத்துக் கொடுப்பேன். இரவில் கடைக்குள் சீமெந்து மூட்டைகளுக்குப் பக்கத்தில் படுக்கை. திருடன் வந்தால் கத்த வேண்டும் என்பது நானா எனக்குத் தந்த வேலை. ஏழு வருடம் திருடன் வரவில்லை. நானா அதை என் கெட்டித்தனமாகவே எடுத்துக்கொண்டார். பிறகு தொழில்நுட்பக் கல்லூரி, பரீட்சை, நேர்முகம், நியமனம். அதையெல்லாம் ஒரு வரிக்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

இஞ்சினியர் ஐயாவைப் பற்றி எழுத இருக்கிறது.

யாழ்ப்பாணத்துக்காரர். ஒல்லியான ஆள், கன்வஸ் சப்பாத்து, எப்போதும் முழுக்கைச் சட்டை. யாரையும் ஏசிப் பார்த்ததில்லை. ஒரு கேள்வியை மூன்று தடவை கேட்பார். முதல் தடவை பதில் சொல்வோம். இரண்டாம் தடவை அதே கேள்வியை அதே குரலில் கேட்பார், நாங்கள் கொஞ்சம் மாற்றிச் சொல்வோம். மூன்றாம் தடவை உண்மை வரும். அதற்குப் பிறகு அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். ஏசுகிற மேலதிகாரிகளின் கீழும் பிறகு வேலை செய்திருக்கிறேன். அது லேசு.

வேலை முடிந்த வீதியை அவர் ஜீப்பில் இருந்து பார்க்க மாட்டார். ஜீப்பைப் பின்னால் வரச் சொல்லிவிட்டு நடப்பார். வீதி ஓரத்துக் கானைப் பார்க்க அவருக்கென்று ஒரு முறை இருந்தது. கானின் மேல் முனையில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றச் சொல்வார். ஊற்றிய தண்ணீரோடு சேர்ந்து, அதே வேகத்தில், மதகுவரை நடந்து போவார். தண்ணீர் தேங்கினால் அவரும் நிற்பார். வழியில் யாராவது வணக்கம் வைத்தாலும் தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை மட்டும் ஆட்டுவார். தண்ணீர் மதகுக்குள் இறங்கினால் கையெழுத்து. இறங்காவிட்டால் இல்லை.

மட்டக் கருவி இருக்கிறதே ஐயா என்று ஒருமுறை கேட்டேன்.

"மட்டம் வைச்சுப் பார்த்தா எனக்கு நித்திரை வராது தம்பி. தண்ணியை விட்டுப் பார்த்தா வரும்" என்றார்.

வாளி திணைக்களத்தில் இல்லை. ஹனீபா நானாவின் கடையில் நானே வாங்கினேன். வீதி இஞ்சினியருக்கு எதற்கு வாளி என்று நானா கேட்டார். சொன்னேன். வாளியைத் துடைத்துத் தந்துகொண்டே, "படிச்ச ஆளா?" என்றார்.

இனி என் தங்கச்சி. பெயர் செல்வி. எனக்கும் அவளுக்கும் பதின்மூன்று வயது வித்தியாசம். நான் அந்த வீதியில் வேலைக்கு வந்த வருடம் அவள் தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. வகுப்பில் முதல் ஆள். ஜனவரியில் ஆறாம் வகுப்புக்குப் பதுளைக்குப் போக வேண்டும். பெண் பிள்ளையைக் கடையில் விட முடியாது. நடந்து போய்வரவும் முடியாது. கொழும்பில் வீட்டு வேலைக்குப் பிள்ளைகளைச் சேர்த்துவிடும் ஒரு ஆள் எங்கள் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, இரண்டு தடவை வந்து போயிருந்தார். முதல் தடவை அப்பா முடியாது என்றார். இரண்டாம் தடவை அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அம்மாவுக்குப் பயம்.

பஸ் டிப்போவில் எழுத்து மூலம் சொல்லியிருந்தார்கள். வீதி பஸ் ஓடத் தகுதியானது என்று திணைக்களத்து இஞ்சினியர் ஒப்பமிட்ட சான்றிதழ் வருட முடிவுக்கு முன் வந்தால், முதலாம் தவணை தொடங்கும் நாளில் மேல் டிவிஷன்வரை பஸ் விடுவோம், வராவிட்டால் அடுத்த வருடம் பார்ப்போம் என்று. அடுத்த வருடம் என்றால் செல்வி பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாள்.

எல்லாம் முடிந்தது. அகலம் சரி, கல் சரி, தார் சரி. மேல் டிவிஷன் வளைவை ஒட்டி அரை மைல் தூரத்துக்கு மலைப்பக்கக் கான் மட்டும் வெட்ட வேண்டியிருந்தது. பதுளையில் வேறொரு வேலைக்குக் குழாய்களை ஏற்றுவதில் பிரச்சினை என்று என்னைக் கூப்பிட்டார்கள். தோட்டத்தில் கான் வெட்டுவதற்கென்றே பெயர் எடுத்தவர் அப்பா. அவரையும் அவருடைய ஆட்களையும் ஒப்பந்தத்தில் எடுத்திருந்தேன். "கானை வெட்டி முடிச்சிருங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போனேன். கான் வெட்ட அப்பாவுக்கு நான் சொல்லிக் கொடுப்பதா என்ற மரியாதையில் அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தேயிலை மலைக்கான் எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மலைச்சரிவில் மழைத் தண்ணீர் மண்ணை வாரிக்கொண்டு ஓடிவிடக் கூடாது. அதனால் சரிவுக்குக் குறுக்கே, கிட்டத்தட்ட மட்டமாக, கான் வெட்டுவார்கள். வெட்டும்போது பத்தடிக்கு ஒரு இடத்தில் ஒரு சாண் அகல மண்ணை வெட்டாமல் அப்படியே விடுவார்கள். அது தடுப்பு. தண்ணீர் தடுப்பில் முட்டி நின்று, மண்ணைக் கீழே போட்டுவிட்டு, மெதுவாக வழிந்து அடுத்த குழிக்குப் போகும். தங்கிய மண்ணை அள்ளித் தேயிலைத் தூரில் போடுவார்கள். தடுப்பை உடைப்பது தோட்டத்தில் பெரிய குற்றம். அப்பா சின்ன வயதில் இருந்தபோது, நேரத்தோடு வீட்டுக்குப் போகலாமென்று இரண்டு தடுப்பைச் சேர்த்து வெட்டிவிட்ட ஒருவனை அடுத்த நாள் பெரட்டில், எல்லாரையும் வரிசையில் நிறுத்தி வேலை பிரிக்கிற இடத்தில், வைத்தே வேலையில்லை என்று திருப்பி அனுப்பினார்களாம். அந்த மனிதனின் மகனையும் 'தடுப்பு வெட்டுன ஆளு மவன்' என்றுதான் எங்கள் லயத்தில் சொல்வார்கள்.

வீதிக்கான் அப்படியல்ல. வீதிக்கானின் வேலை தண்ணீரை நிறுத்தாமல் மதகுக்குக் கொண்டுபோய்த் தள்ளுவது. மண் போனால் போகட்டும்.

பதுளையிலிருந்து திரும்பிய மாலையில் மூட்டம். பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. கானின் விளிம்பு கயிறு பிடித்ததுபோல் நேராக இருந்தது. விளிம்பைப் பார்த்துவிட்டுப் போய்ப் படுத்தேன். மறுநாள் சோதனை. அதற்கு மறுநாள் காலை ரயிலில் இஞ்சினியர் ஐயா லீவில் ஊருக்குப் போகிறார். ஜனவரி நடுவில்தான் திரும்புவார்.

காலையில் மூட்டம் விலகியிருந்தது. ஐயா கீழேயிருந்து நடந்து வந்தார். அதுவரை வந்த தூரத்தில் அவர் ஒன்றும் சொல்லவில்லை, அதாவது எல்லாம் சரி. மேல் முனைக்கு ஏறினோம். அப்பாவும் ஆட்களும் சட்டை மாற்றி வரிசையாக நின்றார்கள். இவர் என் அப்பா என்றேன். ஐயா கைகூப்பினார். சாரதி வாளியில் தண்ணீர் கொண்டுவந்தார். ஊற்றினோம்.

தண்ணீர் பத்தடி போய் நின்றது.

ஐயாவும் பத்தடி போய் நின்றார். இன்னொரு வாளி என்றார். ஊற்றினோம். குழி நிறைந்தது. கொஞ்சம் வழிந்து அடுத்த குழிக்குப் போய் அங்கே நின்றது. கானின் நீளத்துக்கும் பார்த்தேன். தடுப்பு, தடுப்பு, தடுப்பு. வளைவு திரும்பும்வரை ஒரே அளவில், ஒன்றுகூடச் சரியாமல்.

ஐயா பேசாமல் நின்றதை அப்பா பாராட்டு என்று நினைத்துவிட்டார்.

"ஒரு கையளவு மண்ணு கீழ போகாதுங்க. பத்தடிக்கு ஒண்ணு விட்டிருக்கோம். கண்ணளவுதான். வேணும்னா கயிறு போட்டுப் பாத்துக்கங்க" என்றார்.

"ஓம், மண் போகாது. தண்ணி எப்பிடிப் போகும்?"

"தண்ணி ஏங்க போகணும்? நின்னு எறங்கும்ங்க."

"எங்க இறங்கும்?"

"கீழதாங்க."

"கீழ என்ன இருக்குது?"

அப்பா குனிந்து பார்த்தார். "ரோடுங்க" என்றார்.

பிறகுதான் அவருக்கு முகம் மாறியது.

ஐயா என் பக்கம் திரும்பினார். தடுப்பு இருப்பது எனக்குத் தெரியுமா என்று கேட்டார். மூட்டமாக இருந்தது என்றேன். தெரியுமா என்றார். நான் பதுளையில் இருந்தேன் என்றேன். தெரியுமா என்றார். விளிம்பைத்தான் பார்த்தேன், உள்ளே பார்க்கவில்லை என்றேன். தலையாட்டினார். தண்ணீர் இப்படி நின்றால் வீதிக்கு அடியில் ஊறும், வழிந்தால் வீதியைக் கடந்து வெளி விளிம்பை அரிக்கும், பஸ்ஸின் வெளிச்சக்கரம் அந்த விளிம்பில்தான் போகும், விளிம்புக்குக் கீழே லயம் இருக்கிறது என்று, வகுப்பில் பாடம் சொல்வதுபோல் சொன்னார். பிறகு எல்லாரோடும் வளைவுக்கு இறங்கி, மதகின் பக்கச் சுவரில் ஏறி உட்கார்ந்து சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்தார்.

"வெளிச்சம் இருக்குமட்டும் நான் இருப்பன் தம்பி. அதுக்குப் பிறகு நான் லீவு."

நான் ஆட்களிடம் போனேன். எல்லாத் தடுப்பையும் இப்போதே வெட்டி எடுக்க வேண்டும் என்றேன். ஒருவரும் அசையவில்லை. அதற்கும் தோட்டத்து நியாயம் இருக்கிறது. பிரித்துக் கொடுத்த வேலையை முடித்துவிட்டால் அன்றைய கணக்கு முடிந்தது. முடித்துவிட்டுப் போன ஆளை அதே வேலைக்குத் திரும்பக் கூப்பிடுவது துரைகூடச் செய்யாத காரியம். அதுவும் ஒப்பந்தக் காசு முந்தின நாளே கொடுத்தாகிவிட்டது. புதிதாகச் சம்பளம் எழுத எனக்கு அதிகாரமில்லை என்பது அவர்களுக்கும் தெரியும்.

"முடிஞ்ச கல்யாணத்துக்கு இன்னொருக்கா மொய்யாடா தம்பி?" என்று கேட்டார் ஒருவர். மற்றவர்கள் சிரித்தார்கள்.

அப்பா சிரிக்கவில்லை. "நான் ஒடைக்க மாட்டேன்" என்றார். எனக்கு மட்டும் கேட்கிறமாதிரி மெதுவாகச் சொன்னார். "செல்விக்காகத்தான்னு தெரியும். ஆனா கை போகாது. நாளைக்கு இந்தத் தோட்டத்துல என்னைய என்னன்னு கூப்பிடுவாங்க?"

மண்வெட்டியை நானே எடுத்தேன். முதல் தடுப்பை உடைத்தேன். இரண்டாவதை உடைத்தேன். மூன்றாவதில் உள்ளங்கை கொப்புளித்தது. ஆணி நிறுத்த கை. படித்த பிள்ளை மம்பட்டி பிடிக்கிற அழகைப் பாருங்கடா என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அரை மைல் இருந்தது. இஞ்சினியர் ஐயா சோற்றைக் குழைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், கானைப் பார்த்தார்.

பகல் நிறுவைக்குப் பெண்கள் இறங்கினார்கள். கொழுந்து நிறுக்கிற கொட்டில் வளைவுக்குப் பக்கத்தில்தான். கூடையோடு வரிசையாக வந்தவர்கள், ஆண்கள் நிற்க, மதகில் ஒரு பெரிய மனிதர் சாப்பிட, வேலை மேற்பார்வையாளன் மண்வெட்டியோடு தனியாகக் கானுக்குள் இருப்பதைக் கண்டு நின்றுவிட்டார்கள். அம்மா கூடையை இறக்காமல் என்னிடம் வந்தார். என்ன என்று கேட்டார். சொன்னேன்.

"இத ஒடச்சா கையெழுத்துப் போட்டுருவாரா?"

"போடுவாரு."

"எல்லாத்தையுமா ஒடைக்கணும்?"

"எல்லாத்தையும்."

அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா மலையைப் பார்த்தார். அம்மா போய் நிறுவையை முடித்துவிட்டு வந்து, வெறுங்கூடையை மதகுச் சுவரில் இஞ்சினியர் ஐயாவின் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். ஐயா பார்சலைக் கொஞ்சம் நகர்த்தி இடம் கொடுத்தார். அம்மா சேலையைச் சொருகிக்கொண்டு அப்பாவின் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கினார். அப்பா கொடுத்தாரா, அம்மா பிடுங்கினாரா என்று எங்கள் வீட்டில் பிறகு நெடுநாள் பேச்சு நடந்தது. நான் பார்த்தவரைக்கும் இரண்டும் இல்லை. கை மாறியது, அவ்வளவுதான்.

கங்காணி வந்துவிட்டார். பெண்களின் மலைவேலைக்கு அவர்தான் பொறுப்பு. நல்ல மனிதர், ஆனால் மேலே கணக்கப்பிள்ளைக்குப் பதில் சொல்ல வேண்டியவர்.

"சங்கு ஊதிருச்சுன்னா மலைக்குப் போகணும். போகலன்னா அரைப் பேருதான். அப்புறம் என்னையச் சொல்லக் கூடாது" என்றார். தோட்டத்தில் ஒரு நாள் சம்பளத்தை ஒரு பேர் என்போம். பாதி நாள் வேலைக்கு அரைப் பேர்.

"அரைப் பேரு போட்டுக்கங்க கங்காணி" என்றார் அம்மா. "எம்புள்ள கொழும்புக்குப் போனா மாசத்துக்கு எவ்வளவு அனுப்புவாள்னு அந்த ஆளு கணக்குச் சொன்னான். அதுக்கு இது கம்மிதான்."

சங்கு ஊதியது. பெண்கள் மலைக்குப் போகவில்லை. ஆண்கள் கீழே வைத்திருந்த மண்வெட்டிகளை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். மண்வெட்டி கிடைக்காதவர்கள் லயத்துக்குப் போய் எடுத்துவந்தார்கள். எல்லாருக்கும் ஐந்தாம் வகுப்பில் பிள்ளை இருந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். இல்லை. சிலருக்கு இருந்தது. பிள்ளையே இல்லாத ஒருத்தியும் கானில் இறங்கினாள். உனக்கென்ன என்று கேட்டதற்கு, பஸ் வந்தால் பண்டாரவளைக்குப் படம் பார்க்கப் போகலாம் என்றாள்.

உடைத்த மண் கானுக்குள்ளேயே கிடந்தது. அதையும் அள்ளினால்தான் தண்ணீர் போகும். கொஞ்ச நேரம் அப்பா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு மண்வாரியை எடுத்துக்கொண்டு அம்மாவுக்குப் பின்னால் இறங்கினார்.

"நான் ஒடைக்கல. அள்ளுறேன்" என்றார், யாரும் கேட்காமலே.

அதில் ஒரு வழி இருப்பது மற்ற ஆண்களுக்கும் தெரிந்துவிட்டது. அள்ளுவது வேறு வேலை. முடிந்த வேலைக்குத் திரும்பியதாக ஆகாது. ஒவ்வொருவராக இறங்கினார்கள். மொய்யைப் பற்றிக் கேட்டவர் கடைசியாக இறங்கினார். பெண்கள் முன்னே உடைத்துக்கொண்டு போக, ஆண்கள் பின்னே அள்ளிக்கொண்டு போனார்கள். நல்ல மண்ணு, நல்ல மண்ணு என்று அப்பா மட்டும் அள்ளும்போதெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அள்ளியதை வீதிப்பக்கம் வீசாமல் மேலே தேயிலைத் தூருக்கே எறிந்தார்.

மூட்டம் திரும்ப இறங்கத் தொடங்கியபோது முடித்தார்கள். சாரதி இரண்டு முறை ஜீப்பின் ஹோர்னை அடித்திருந்தார். ஐயா எழுந்து, கைகழுவி, மேல் முனைக்கு ஏறினார். வாளியை நான் ஊற்றினேன். ஐயா அம்மாவின் கூடையில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு கொழுந்தை எடுத்து வந்து தண்ணீரில் போட்டார். கங்காணி அதைப் பார்த்தும் பாராததுபோல் திரும்பிக்கொண்டார்.

கொழுந்து போனது. ஐயா அதோடு நடந்தார். நாங்கள் எல்லாரும் அவருக்குப் பின்னால் நடந்தோம். இத்தனை பேர் ஒரு இலைக்குப் பின்னால் போவதை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. ஒரு இடத்தில் கொழுந்து கல்லில் தட்டி நின்றது. ஐயாவும் நின்றார். பின்னால் நாங்களும் நின்றோம். மேலே சாரதி ஊற்றிய அடுத்த வாளித் தண்ணீர் வந்து சேர்ந்ததும் அது திரும்பிக்கொண்டு போனது. மதகு வாயில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு உள்ளே இறங்கியது.

ஐயா சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, மதகுச் சுவரில் தாளை வைத்து ஒப்பமிட்டார். என்னிடம் தந்தபோது, "விளிம்பை மட்டும் பாராதையும் தம்பி" என்றார். முப்பது வருடத்தில் எனக்குக் கிடைத்த ஒரே எச்சரிக்கை அது. எழுத்தில் வரவில்லை.

ஜனவரியில், தவணை தொடங்கிய அன்று, பஸ் வந்தது. செல்வி முதல் ஆளாக ஏறினாள். பெட்டி உருண்ட வளைவு தாண்டும் முன் வாந்தி எடுத்தாள். அந்த மாதம் முழுக்கத் தினமும் எடுத்தாள். நடத்துநர் அவளுக்கென்று முன் ஜன்னலை ஒதுக்கிவிட்டார். நடந்தே போகிறேன் அம்மா என்று அவள் அழுத அன்று அம்மா அவளைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப் போவதில்லை. மறுநாளும் பஸ்ஸில் ஏறினாள்.

அந்த மாதமே பெருமழையும் வந்தது. தடுப்பில்லாத கானில் தண்ணீர் நன்றாக ஓடியது. கூடவே மலையின் மண்ணும் ஓடியது. அரை மைல் தூரத்து மண் முழுவதும் ஒரே மதகுக்கு வந்து சேர்ந்து குழாயை அடைத்தது. தண்ணீர் வீதிக்கு மேலால் போனது. பஸ்ஸை வளைவுக்கு முன்னால் நிறுத்தி, ஆட்கள் இறங்கிக் கையால் மண்ணைத் தோண்டினார்கள். பள்ளிக்கூடச் சீருடையோடு பிள்ளைகளும் தோண்டினார்கள். விளிம்பு நின்றது. லயத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஐயா லீவு முடிந்து வந்த முதல் நாளே மேலே வந்தார். அப்பாவைக் கூப்பிட்டுக்கொண்டு கானோரமாக நடந்தார். அன்று வாளி இல்லை. அரை மைலுக்கு ஒரு மதகு போதாது, இன்னும் இரண்டு போட வேண்டும், ஒவ்வொரு மதகு வாய்க்கும் முன்னால் மண் தங்க ஒரு ஆழமான குழி வேண்டும் என்று முடிவாகச் சொன்னார். மண் நிறைய இறங்குவது வளைவில்தான், அதனால் மூன்றும் கிட்டக் கிட்ட.

அப்பா கேட்டுவிட்டு, "அன்னைக்கு மண்ணு நிக்கக் கூடாதுன்னீங்க. இன்னைக்கு நிக்கணுங்கிறீங்க" என்றார்.

"ஓம். நீங்களும் அரைவாசி பிழை, நானும் அரைவாசி பிழை."

அப்பாவுக்கு அது போதுமாக இருந்தது. குழி மூன்றையும் அவரே வெட்டினார். ஒப்பந்தம் எழுதி, காசு வாங்கிக்கொண்டு வெட்டினார்.

ஆகவே மிஸ், அந்த மூன்று மதகில் ஒன்றையும் மூட வேண்டாம். குழிகளை ஐப்பசி மழைக்கு முன்னால் ஒவ்வொரு வருடமும் அள்ள வேண்டும். அள்ளாமல் விட்ட வருடங்களில் என்ன நடந்தது என்று அந்த வளைவுக்குக் கீழே லயத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

செல்வி இப்போது பதுளையில் ஒரு அலுவலகத்தில் ஓய்வூதியக் கோப்புகளைப் பார்க்கிறாள். என்னுடைய கோப்பும் அவளுடைய மேசைக்குத்தான் போனது. ஒரு இடத்தில் ஒப்பம் விடுபட்டிருக்கிறது என்று திருப்பி அனுப்பினாள். அண்ணன் என்று பார்க்கவில்லை. சரிதான். இன்னும் பஸ்ஸில் ஜன்னலோரம்தான் உட்காருகிறாள்.

வீதிக்கு மொத்தம் எவ்வளவு காசு முடிந்தது என்றும் கேட்டிருந்தீர்கள். கல், தார், குழாய், ஒப்பந்தக் கூலி, பிறகு போட்ட இரண்டு மதகு எல்லாம் திணைக்களத்துக் கணக்கில் இருக்கும், எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். அதில் இல்லாதது ஒன்றுதான். அன்று மாலை கங்காணி சொன்னபடியே செய்தார். கானில் இறங்கிய பெண்கள் இருபத்து நான்கு பேர். ஆளுக்குப் பாதி நாள் பிடித்தம். ஆகப் பன்னிரண்டு நாள் சம்பளம்.